இரத்தக் குழாய்க்கு உதவுவது சொக்லேட்டா, கொக்கோவா?

டார்க் சொக்லேட் பற்றி இம்முறை நிறையக் கேள்விகள் வந்திருந்தன. அவற்றில் ஐந்தைத் தெரிந்தெடுத்துப் பதில் தருகிறோம்.

அப்பாவுக்கு வயது 62. பிரஷருக்குக் குளிசை எடுக்கிறார். 70% டார்க் சொக்லேட் இரத்தக் குழாயை விரிக்கும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததைப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு நாளும் 100 கிராம் கட்டியில் பாதியைச் சாப்பிடுகிறார். இனிக் குளிசையைக் குறைக்கலாம் என்கிறார். சரியா? (வாசகி, வெள்ளவத்தை)

குளிசையில் கை வைக்க வேண்டாம் என்று இன்றைக்கே அப்பாவிடம் சொல்லுங்கள். அவர் படித்த செய்தி முழுப் பொய் இல்லை. அதை அவர் எடுத்துக்கொண்ட அளவுதான் பிழை.

இரத்தக் குழாயின் உட்சுவரில் எண்டோதீலியம் என்ற ஒற்றை அடுக்குக் கலங்கள் இருக்கின்றன. அவை நைட்ரிக் ஒக்சைட் என்ற வாயுவை வெளிவிடும்போது குழாய்ச் சுவரின் தசை தளர்ந்து குழாய் விரிகிறது. (இந்த வாயுவின் வேலையைக் கண்டறிந்த மூவருக்கே 1998இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.) கொக்கோவில் உள்ள ஃபிளாவனோல்கள் என்ற தாவரச் சேர்மங்கள், முக்கியமாக எபிகட்டச்சின், இந்த வாயு கூடுதலாகக் கிடைக்க உதவுகின்றன. இதை அளக்க, முன்கையில் பிரஷர் பட்டியை 5 நிமிடம் இறுக்கி வைத்து அவிழ்ப்பார்கள். பாய்ந்து வரும் இரத்தத்துக்கு மேற்கை நாடி எவ்வளவு விரிகிறது என்று ஸ்கேனில் பார்ப்பார்கள். ஃபிளாவனோல் நிறைந்த கொக்கோவைக் குடித்து 2 மணித்தியாலம் அளவில் அந்த விரிவு கூடுகிறது. சில மணித்தியாலங்களில் மீண்டும் இறங்குகிறது.

இனி அளவுக்கு வருவோம். 35 பரிசோதனைகளைத் தொகுத்த 2017ஆம் ஆண்டின் கொக்ரேன் ஆய்வில் இரத்த அழுத்தம் சராசரியாக 2 புள்ளிக்கும் சற்றுக் குறைவாகவே இறங்கியது. பிரஷருக்கான ஒரு குளிசை, வழக்கமான அளவில், மேல் அழுத்தத்தைச் சுமார் 9 புள்ளி இறக்கும். ஒன்று மற்றதன் இடத்தைப் பிடிக்காது. அதோடு 50 கிராம் டார்க் சொக்லேட்டில் ஏறத்தாழ 300 கலோரியும் 12 கிராம் நிறைவுற்ற கொழுப்பும் உண்டு. சோற்றைக் குறைக்காமல் அதை நாள்தோறும் சேர்த்தால் உடம்பு வைக்கும். உடம்பு வைத்தால் பிரஷர் ஏறும்.

மாரடைப்பைத் தடுக்குமா என்றும் பலர் கேட்கிறார்கள். அமெரிக்காவில் 21,442 முதியவர்களை வைத்து நடந்த கொஸ்மோஸ் ஆய்வின் முடிவு 2022இல் வந்தது. நாளுக்கு 500 மி.கி. கொக்கோ ஃபிளாவனோல் கொடுத்துச் சுமார் மூன்றரை ஆண்டு பார்த்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றின் மொத்த எண்ணிக்கை உறுதியாகச் சொல்லும் அளவுக்குக் குறையவில்லை. இதய, குழாய் நோயால் நேர்ந்த இறப்பு மட்டும் 27% குறைந்தது. நம்பிக்கை தரும் முடிவுதான். ஆனால் அங்கே கொடுத்தது கொக்கோச் சாறு அடைத்த வில்லை, சொக்லேட் கட்டி அல்ல. அப்பாவுக்கு ஆசை என்றால் நாளுக்கு 10 கிராம், அதாவது ஒன்றிரண்டு சிறு துண்டு, போதும்.

70%, 85% என்று போட்டிருக்கிறதே, எண் கூடினால் ஃபிளாவனோலும் கூடுமா? (வாசகர், கொட்டாஞ்சேனை)

கூடும் என்று நம்பி வாங்க முடியாது. அந்த எண், கொக்கோத் திணிவும் (விதையை அரைத்த விழுது) கொக்கோ வெண்ணெயும் சேர்ந்த மொத்தப் பங்கு. வெண்ணெயில் ஃபிளாவனோல் இல்லை என்றே சொல்லலாம். எண் கூடினால் சீனி குறையும். அந்த ஒரு நன்மை நிச்சயம்.

ஃபிளாவனோல் தொலைவது தயாரிப்பில். கொக்கோ விதையைப் பல நாள் நொதிக்க வைத்து, காயப்போட்டு, வறுக்கிறார்கள். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் போகிறது. பெரிய இழப்பு காரம் (அல்கலி) சேர்க்கும்போதுதான். புளிப்பும் துவர்ப்பும் போய்க் கருநிறம் வரவேண்டும் என்பதற்காகப் பொட்டாசியம் காபனேற்று போன்ற காரத்தைச் சேர்ப்பார்கள். டச்சு முறை என்பது இதுதான். அளந்து பார்த்ததில், காரம் சேராத தூளில் கிராமுக்குச் சராசரியாக 34.6 மி.கி. ஃபிளாவனோல் இருந்தது. இலேசாகக் காரம் சேர்த்ததில் 13.8, கடுமையாகச் சேர்த்ததில் 3.9. கருத்த தூள்தான் தரமான தூள் என்ற எண்ணத்தை இங்கே விட்டுவிட வேண்டும்.

ஆகவே கடையில் பைக்கற்றைத் திருப்பிப் பின்புறத்தை வாசியுங்கள். காரம் சேர்த்தது என்ற குறிப்போ, ஈ500, ஈ501 என்ற எண்களோ இருந்தால் வைத்துவிடுங்கள். வெளிறிய செம்மண் நிறமும் நாக்கை இழுக்கும் துவர்ப்பும் நல்ல அறிகுறிகள். கட்டியாக வாங்கினால் உட்பொருள் பட்டியலில் முதலில் சீனி இருக்கக்கூடாது. கொக்கோ வெண்ணெய்க்குப் பதில் பாம் எண்ணெய் இருந்தால் அது சொக்லேட் சுவையூட்டிய இனிப்பு. பாலும் மோல்ட்டும் சேர்ந்த சொக்லேட் மா பானங்களைக் குழாய்க்கு நல்லது என்று எண்ணிக் குடிக்க வேண்டாம். அவற்றில் சீனிதான் கூட.

காலையில் கொக்கோத் தூள், பால், வாழைப்பழம் போட்டு அடித்துக் குடிக்கிறேன். இது நல்லதா? (வாசகி, பம்பலப்பிட்டி)

வாழைப்பழத்தை மட்டும் எடுத்துவிடுங்கள். அதிலுள்ள பொலிஃபீனோல் ஒக்சிடேஸ் என்ற நொதியம் ஃபிளாவனோலைச் சிதைக்கிறது. வெட்டிய பழம் கறுப்பதும் இதே நொதியத்தால்தான். 2023இல் வெளியான ஆய்வில், வாழைப்பழம் சேர்த்து அடித்த பானத்தைக் குடித்தவர்களின் இரத்தத்தில் ஃபிளாவனோல் 84% குறைவாக இருந்தது. பழத்தை வேறு நேரத்தில் தனியாகச் சாப்பிடுங்கள். அந்த நொதியம் குறைவான அன்னாசி, தோடம்பழம் என்றால் சேர்க்கலாம். பால் தடுக்குமா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. எங்கள் தெரிவு தண்ணீர்.

செய்முறை: காரம் சேராத தூள் மட்டமாக ஒரு மேசைக்கரண்டி (5 முதல் 6 கிராம்). ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2012இல் குழாய்களின் நெகிழ்வுக்கு ஏற்றுக்கொண்ட நாளுக்கு 200 மி.கி. ஃபிளாவனோல் ஏறத்தாழ இதில் கிடைக்கும். தூளில் கொழுப்பு இருப்பதால் நேரே சுடுதண்ணீரில் கொட்டினால் கட்டிபடும். முதலில் இரண்டு கரண்டி சுடுதண்ணீரில் பசைபோலக் குழைத்து, பிறகு 150 மில்லிலீற்றர் ஊற்றிக் கலக்குங்கள். அடுப்பில் நெடுநேரம் கொதிக்கவிட வேண்டாம். துவர்ப்பு தாங்காவிட்டால் சிறு துண்டு கறுவா போடுங்கள். கித்துள் பாணி விடுவதென்றால் ஒரு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம், அதுவும் சீனிதான்.

கொக்கோ பிடிக்காதவர்களுக்கு நம்மூர்த் தேயிலையே இருக்கிறது. பால் விடாத பிளேன்ரீயும் குழாய் விரிவைக் கூட்டுவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன.

அம்மாவுக்கு நீரிழிவு. சுகர் இறங்கினால் கொடுக்கக் கைப்பையில் சொக்லேட் வைத்திருக்கிறோம். போதுமா? (வாசகர், மருதானை)

போதாது. சொக்லேட்டின் கொழுப்பு வயிற்றிலிருந்து சீனி இறங்குவதைத் தாமதப்படுத்தும். அந்த நேரத்துக்குள் மயக்கம் வந்துவிடலாம். 70 மி.கி.க்குக் கீழே இறங்கினால், விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால், 15 கிராம் குளுக்கோஸ் அல்லது மூன்று நான்கு தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடத்தில் திரும்பச் சோதித்து, ஏறாவிட்டால் மீண்டும் கொடுங்கள். நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் ஊற்றாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

டார்க் சொக்லேட்டில் ஈயம் இருப்பதாகச் சொல்கிறார்கள். வாங்கி வைத்த கட்டியிலும் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. எறியவா? (வாசகி, கிராண்ட்பாஸ்)

இரண்டும் வேறு வேறு விஷயம். வெள்ளைப் படிவு பெரும்பாலும் கொக்கோ வெண்ணெய். கொழும்பு வெக்கையில் உருகித் திரும்ப இறுகும்போது மேலே வந்து படிகிறது. பூஞ்சணம்போல் பஞ்சாக இல்லாமல், வேறு வாடையும் இல்லாவிட்டால் சாப்பிடலாம். அடுத்த முறை காற்றுப் புகாத டப்பாவில் பிரிஜ்ஜில் வையுங்கள். வெளியே எடுத்ததும் குளிர் தணியும்வரை திறக்க வேண்டாம், ஈரம் படிந்தால் சீனி கரைந்து இன்னொரு வெள்ளை வரும்.

ஈயம், கட்மியம் பற்றிய கவலை நியாயமானது. கட்மியத்தை மரம் மண்ணிலிருந்து உறிஞ்சுகிறது. ஈயம் பெரும்பாலும் விதையைக் காயப்போடும்போது தூசியோடு சேர்கிறது. கொக்கோ கூடிய சொக்லேட்டில் இவையும் கூடவே இருக்கும். ஒரே பிராண்டையே நாள்தோறும் சாப்பிடாமல் மாற்றி வாங்குங்கள். கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் டார்க் சொக்லேட் தினசரிப் பழக்கமாக வேண்டாம். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் ஒக்சலேற்றுக்காகவும், சிறுநீரகம் பழுதடைந்தவர்கள் பொட்டாசியத்துக்காகவும், கொக்கோ தொடங்குமுன் கிளினிக்கில் கேளுங்கள்.