கனவில் டிசைன் கிடைக்குமா?

கேள்வி: ஆரி எம்பிராய்டரி செய்கிறேன். புது டிசைனே தோன்றுவதில்லை. கனவு காணும்போதே 'இது கனவு' என்று தெரிகிற லூசிட் ட்ரீமில் டிசைன் பிடிக்கலாம் என்கிறார்களே, நடக்குமா? (வாசகி, மதுரை)

பதில்: நடக்கும். ஆனால் நினைத்த இரவெல்லாம் நடக்காது. படுத்து ஐந்து மணி நேரம் கழித்து அலாரம் வையுங்கள்; நீண்ட கனவுகள் வரும் ரெம் தூக்கம் விடியலை ஒட்டித்தான் அதிகம். எழுந்ததும் கண்ட கனவை நினைவுபடுத்துங்கள். அதே கனவில் 'அட, இது கனவு' என்று கண்டுகொள்வதாக மனத்தில் ஓட்டிப் பார்த்தபடியே மறுபடி தூங்குங்கள். கண்டுகொண்ட சந்தோஷத்தில் துள்ளினால் விழிப்பு வந்துவிடும். கனவிலேயே உள்ளங்கைகளைத் தேய்த்தால் பலருக்குக் காட்சி நிலைக்கிறது. டிசைனை வற்புறுத்தி வரவழைக்காதீர்கள். ஒரு பீரோவைத் திறந்து, உள்ளே என்ன ரவிக்கை தொங்குகிறது என்று பாருங்கள். மணிகளை எண்ணப் போக வேண்டாம், மறுபார்வையில் எண்ணிக்கை மாறிவிடும். நிறமும் கொடி வளையும் போக்கும் போதும்.

வாரம் ஒரு இரவுக்கு மேல் வேண்டாம். தூக்கம் கெட்டால் மறுநாள் ஊசி கையில் நிற்காது.

கேள்வி: இதைவிடச் சுலபமான வழி? (அதே வாசகி)

பதில்: சாவி. ஓவியர் சால்வடோர் டாலி சொன்ன முறை: நாற்காலியில் சாய்ந்து, விரல்களுக்கிடையே கனமான சாவி, நேர் கீழே கவிழ்த்த தட்டு. கண் அயர்ந்ததும் சாவி விழும், சத்தத்தில் எழுந்துவிடுவீர்கள். பாரிஸில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், இந்த அரைத்தூக்கத்தில் 15 வினாடியாவது இருந்தவர்களில் 83 சதவீதம் பேர் ஒரு கணக்கின் மறைவான குறுக்குவழியைக் கண்டுபிடித்தார்கள். தூங்காதவர்களில் 30 சதவீதம்தான். அதைத் தாண்டி ஆழ்ந்து போனவர்களில் 14 சதவீதம். சோதித்தது கணக்கை, டிசைனை அல்ல. இருந்தாலும் அலாரத்துக்கு முன் சாவியைத்தான் முயல்வேன்.

பாயில் படுத்துச் செய்தால் பலிக்காது: கை தரையில் இருக்கும், சாவி விழ இடமில்லை. முந்தைய இரவு தூக்கம் கெட்டிருந்தாலும் நேரே ஆழத்துக்குப் போய்விடுவீர்கள்.

கேள்வி: எழுந்ததும் மறந்துவிடுகிறதே? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: அசையாமல் கிடந்து, கடைசிக் காட்சியிலிருந்து பின்னோக்கி வாருங்கள். பிறகு முதலில் வரையுங்கள், எழுத்து அப்புறம். 1936-இல் மருத்துவ நோபல் பெற்ற விஞ்ஞானி ஓட்டோ லோவி, கனவில் வந்த சோதனையை அரைத்தூக்கத்தில் கிறுக்கிவைத்தார். காலையில் தன் கையெழுத்தே தனக்குப் புரியவில்லை. மறுநாள் இரவு அதே யோசனை திரும்பி வந்தது. இம்முறை தாளைத் தேடாமல் நேரே ஆய்வகத்துக்குப் போய், தவளை இதயத்தில் செய்துபார்த்துவிட்டார்.