மருமகளுக்கு எத்தனை பெயர்?

கேள்வி: என் மகன் முருகன் ரஷ்யாவில் எகத்தெரீன்பூர்க் நகரில் டாக்டருக்குப் படித்தான். அங்கேயே வேலை கிடைத்து, கூடப் படித்த ரஷ்யப் பெண்ணையே கல்யாணமும் செய்துகொண்டான். பத்திரிகையில் மருமகள் பெயரை எகத்தெரீனா என்று அச்சடித்தோம். ஆனால் மகன் அவளைக் காத்யா என்கிறான். அவள் அம்மா காத்தென்கா என்கிறார். அவள் தம்பியோ காத்கா என்று அதட்டுகிறான். எது நிஜப் பெயர் என்றே தெரியவில்லை. இப்போது அவள் மாசமாக இருக்கிறாள். அங்கே ஸ்கேனில் சொல்லிவிடுகிறார்கள், பெண் குழந்தையாம். எங்கள் குலதெய்வம் பேச்சியம்மன் பெயரை வைக்க வேண்டும் என்பது என் ஆசை. சம்பந்தியம்மா சுவெத்லானா என்று வைக்கச் சொல்கிறார். எந்தப் பெயர் வைத்தாலும் கூடவே 'முருகனோவ்னா' என்று சேர்த்துத்தான் பதிவு செய்வார்களாம். சாமி பெயரை இப்படி உருமாற்றுவது எனக்கு மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. ரஷ்யப் பெயர்களுக்கு அர்த்தமெல்லாம் உண்டா? சம்பந்தியம்மாவை நான் எப்படிக் கூப்பிடுவது? — திருநெல்வேலி வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒரு கவலையை விடுங்கள். உங்கள் மருமகளுக்குப் பெயர் ஒன்றுதான், எகத்தெரீனா. மற்றதெல்லாம் அதிலிருந்து வருகிற வீட்டுப் பெயர்கள். ரஷ்யாவில் இவை ஆளாளுக்குத் தோன்றியபடி வைக்கிற செல்லப்பெயர்கள் அல்ல, ஊருக்கே தெரிந்த வழக்கம். எகத்தெரீனா என்றால் காத்யா, மரீயா என்றால் மாஷா, இவான் என்றால் வான்யா, திமீத்ரி என்றால் தீமா அல்லது மீத்யா. யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். காத்யா என்பது வீட்டாரும் நண்பர்களும் சாதாரணமாகக் கூப்பிடுவது. காத்தென்கா, கத்யூஷா என்றால் அதில் கொஞ்சல் கூடிவிட்டது என்று பொருள். (இரண்டாம் உலகப் போரில் எதிரிகளை நடுங்க வைத்த சோவியத் ராக்கெட் வண்டிகளுக்கும் படைவீரர்கள் கத்யூஷா என்றே பெயர் வைத்திருந்தார்கள்.) தம்பி கூப்பிடும் காத்கா கொஞ்சம் முரட்டுத்தனமானது. கூடப் பிறந்தவர்களும் பள்ளித் தோழர்களும் சொன்னால் அது உரிமை. வெளி ஆள் சொன்னால் மரியாதைக் குறைவு. நீங்கள் காத்யா என்றே கூப்பிடுங்கள். மாமியாருக்கு அதற்கு முழு உரிமை உண்டு.

மாஸ்கோவிலிருந்து தமிழில் வந்த சோவியத் காலத்து நாவல்களைப் படித்தவர்களுக்கு இந்தக் குழப்பம் பழகியது. முதல் அத்தியாயத்தில் வந்த அலெக்சாந்தர் மூன்றாம் அத்தியாயத்தில் சாஷா ஆகிவிடுவான். பக்கத்து வீட்டு அலெக்சாந்த்ராவும் சாஷாதான் என்பதால் ஆணா பெண்ணா என்று தேட வேண்டியிருக்கும். அந்த நாவல்களின் பாதிப்பில் நம் ஊரில் பலர் பெண்ணுக்கு நடாஷா என்று பெயர் வைத்தார்கள். ரஷ்யாவில் அதுவும் வீட்டுப் பெயர்தான். பிறப்புச் சான்றிதழில் நதால்யா என்றோ நத்தாலியா என்றோ இருக்கும்.

இனி உங்கள் மனசை உறுத்துகிற 'ஓவ்னா' விஷயத்துக்கு வருவோம். இதில்தான் நீங்கள் சந்தோஷப்பட வேண்டும் என்று நினைக்கிறேன்.

ரஷ்யர்களின் முழுப்பெயரில் மூன்று பகுதிகள் உண்டு: சொந்தப் பெயர், அப்பா பெயர், குடும்பப் பெயர். நடுவில் நிற்கும் அப்பா பெயருக்கு ஓத்செஸ்த்வோ என்று பெயர். மகனாக இருந்தால் அப்பா பெயரோடு 'ஓவிச்' அல்லது 'எவிச்' சேரும், மகளாக இருந்தால் 'ஓவ்னா' அல்லது 'எவ்னா'. விண்வெளிக்குப் போன ககாரின், யூரி அலெக்செயெவிச். அவர் அப்பா அலெக்சேய். விண்வெளிக்குப் போன முதல் பெண் தெரெஷ்கோவா, வலென்தீனா விளாதீமிரோவ்னா. அவர் அப்பா விளாதீமிர். நாமும் அப்பா பெயரைச் சுமக்கிறவர்கள்தான், ஆனால் இன்ஷியலாக ஒரே எழுத்தில் முடித்துவிடுகிறோம். அங்கே பள்ளி ஆசிரியரை, டாக்டரை, அலுவலகத்தில் மூத்தவரை மரியாதையாகக் கூப்பிட வேண்டுமென்றால் அவர் பெயரோடு அவர் அப்பா பெயரையும் முழுசாகச் சொல்ல வேண்டும். உங்கள் பேத்தி நாளைக்கு டாக்டராகவோ ஆசிரியையாகவோ ஆனால், ஒவ்வொரு நாளும் எத்தனையோ ரஷ்யர்கள் முருகன் பெயரைச் சொல்லித்தான் அவளைக் கூப்பிடுவார்கள். சாமி பெயர் அங்கே மறையவில்லை சகோதரி, ஊரார் வாயில் புழங்கப் போகிறது.

இந்த 'ஓவிச்' ஒரு காலத்தில் எல்லோருக்கும் கிடைக்கிற மரியாதையாகவும் இருந்ததில்லை. பிரபுக்களுக்கே உரியது, மற்றவர்களுக்கு ஜார் மன்னர் மனம் வைத்துக் கொடுத்தால்தான் உண்டு. ஸ்த்ரோகனோவ் என்ற பெரிய வணிகக் குடும்பத்துக்கு 1610-ல் ஜார் வசீலி ஷூய்ஸ்கி இதைச் சிறப்புச் சலுகையாகக் கொடுத்தார். சாதாரண ஜனம் மன்னருக்கு மனு எழுதினால் தன் பெயரையே குறைத்து, இவானை 'இவாஷ்கா' என்று எழுத வேண்டும். அந்தக் கொடுமையைப் பீட்டர் மன்னர் 1701 டிசம்பர் 30-ல் ஆணை போட்டு நிறுத்தினார். எந்த நிலையில் இருப்பவரும் முழுப்பெயரை எழுத வேண்டும் என்றார்.

உங்கள் மருமகளின் பெயரிலேயே இன்னொரு கதை இருக்கிறது. பேரரசி இரண்டாம் எகத்தெரீனா பிறப்பால் ஜெர்மன் இளவரசி. இயற்பெயர் சோஃபி, அப்பா பெயர் கிறிஸ்தியான் ஆகுஸ்த். 1744-ல் ரஷ்யத் திருச்சபையில் சேர்ந்தபோது எகத்தெரீனா அலெக்செயெவ்னா ஆனார். அப்பா பெயர் சுத்தமாகக் காணாமல் போனது. பின்னால் வந்த வெளிநாட்டு மருமகள்கள் பலரும் அப்பா யாராக இருந்தாலும் ஃபியோதரோவ்னா ஆக்கப்பட்டார்கள். அரச குடும்பத்துக்கு வந்தவர்களுக்கே அந்த நிலை. உங்கள் பேத்திக்கு அப்படி எதுவும் நேரவில்லை. அப்பா முருகன், அவள் முருகனோவ்னா. தங்கள் இன வழக்கப்படி அப்பா பெயரைச் சேர்க்காமல் விடவும் ரஷ்யக் குடும்பச் சட்டத்தின் 58-ஆவது பிரிவு இடம் தருகிறது. ஆனால் மகனிடம் அதைக் கேட்காதீர்கள் என்பதுதான் என் யோசனை.

பெயர்களுக்கு அர்த்தம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு, ஆனால் பெரும்பாலானவற்றுக்கு ரஷ்ய மொழியில் அர்த்தம் தேடினால் கிடைக்காது. 988-ல் கீவ் இளவரசர் விளாதீமிர் கிறிஸ்தவத்தை ஏற்றபோது, அந்த மதம் கிரேக்கர்களிடமிருந்து வந்தது. புனிதர்களின் பெயர்களும் கூடவே வந்தன. யூரி என்பது கியோர்கியின் இன்னொரு வடிவம், கிரேக்கத்தில் உழவன். ஃபியோதர் என்றால் கடவுள் கொடை. இரீனா என்றால் அமைதி. கலீனா என்றால் அலையில்லாத கடலின் அமைதி. எகத்தெரீனாவும் கிரேக்கர் வழி வந்ததே. அதன் மூலம் பற்றிக் கருத்து வேறுபாடு இருந்தாலும், தூய்மை என்ற சொல்லோடு அதைச் சேர்த்துப் பார்ப்பதே வழக்கம். மரீனா, நத்தாலியா, வலென்தீனா போன்றவை லத்தீன். இவான், மரீயா, அன்னா எல்லாம் ஹீப்ரு. ஒல்கா, ஒலெக், ஈகர் மூன்றும் ஸ்காண்டிநேவியர்களோடு வந்தவை. விளாதீமிர், யரஸ்லாவ், லுத்மீலா போன்றவைதான் ஸ்லாவ் மொழியின் சொந்தச் சரக்கு.

அந்தக் காலத்தில் பெயர் வைக்கும் வேலை பாதிரியாருடையது. பிறந்த நாளை ஒட்டி எந்தப் புனிதரின் திருநாள் வருகிறதோ அந்தப் பெயரைத் திருச்சபை நாள்காட்டியில் பார்த்து வைப்பார். நட்சத்திரம் பார்த்து முதல் எழுத்தை எடுக்கிற நமக்கு இது புதிதல்ல. அந்த நாள்காட்டியில் இவான் என்ற பெயருக்குத் திரும்பத் திரும்பத் திருநாள் வரும். கிராமத்துக்குக் கிராமம் இவான்கள் நிறைந்ததற்கு அது ஒரு காரணம்.

கிறிஸ்தவம் வருவதற்கு முன்னால், ஏன், அதற்குப் பின்னாலும் பல நூற்றாண்டுகள், மக்கள் தங்கள் பழைய பெயர்களை விடவில்லை. ஆசையாகக் காத்திருந்து பிறந்தவன் ஷ்தான். மூன்றாவதாகப் பிறந்தவன் த்ரெத்யாக். இவற்றோடு நெக்ராஸ், நெனாஷ் என்ற பெயர்களும் இருந்தன. நெக்ராஸ் என்றால் அழகில்லாதவன், நெனாஷ் என்றால் எங்கள் பிள்ளை இல்லை. கெட்டது எதுவும் குழந்தையை நெருங்கக் கூடாது என்று வைத்த பெயர்கள் இவை. பிள்ளை தங்காத வீட்டில் குப்பன், பிச்சை என்று நம் கிராமங்களில் பெயர் வைத்தார்களே, அதே பயம், அதே பாசம். நெக்ராசோவ் என்ற குடும்பப் பெயர் இன்றும் அந்தத் தாய்மார்களின் கவலையைச் சுமந்துகொண்டிருக்கிறது.

புரட்சிக்குப் பிறகு 1920-களில் ஞானஸ்நானத்துக்குப் பதிலாக 'அக்தியாப்ரீனி' என்று அக்டோபர் புரட்சியின் பெயரால் விழா நடத்திப் பெயர் வைத்தார்கள். விளாதீமிர் லெனினைச் சுருக்கி விளத்லேன், லெனினைத் திருப்பிப் போட்டு நினேல், இப்படி. அந்த அலை சீக்கிரமே ஓய்ந்துவிட்டது.

சம்பந்தியம்மா சொல்கிற சுவெத்லானாவை நீங்கள் அந்நியமாக நினைக்க வேண்டாம். அந்தப் பெயர் எந்த மதத்திலிருந்தும் வந்ததல்ல. 'சுவெத்' என்றால் ஒளி. வஸ்தோகவ் என்ற கவிஞர் 1802-ல் ஒரு கவிதையில் இந்தப் பெயரைப் பயன்படுத்தினார். 1813-ல் ஷுக்கோவ்ஸ்கியின் கதைப்பாடல் வெளியான பிறகு அது எல்லோர் மனதிலும் பதிந்தது. திருச்சபை நாள்காட்டியில் இல்லாத பெயர் என்பதால், ஒளி என்றே பொருள்படும் கிரேக்கப் பெயரான ஃபொதீனியாவைச் சொல்லி ஞானஸ்நானம் கொடுப்பார்கள். ஆக, உங்கள் சம்பந்தியம்மா ஜோதி என்று பெயர் வைக்கத்தான் கேட்கிறார்.

பேச்சியம்மன் பெயர் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 'பேச்சி' என்பது ரஷ்யர்கள் காதில் 'அடுப்புகள்' என்று விழும். அந்தக் குளிர் நாட்டில் அடுப்பு வீட்டின் உயிர், இழிவான பொருள் எதுவும் இல்லை. ஆனாலும் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேலி செய்வார்கள். அதனால் சான்றிதழில் வேண்டாம், வீட்டுப் பெயராக வையுங்கள். பெயர் சூட்டும்போது காதில் சொல்லுங்கள், நீங்கள் வாய் நிறையக் கூப்பிடுங்கள். ரஷ்யாவிலும் இது பழைய முறைதான். முன்பு சொன்ன கீவ் இளவரசர் விளாதீமிர் ஞானஸ்நானத்தில் வசீலி, அவருடைய பாட்டி ஒல்கா ஞானஸ்நானத்தில் எலேனா. ஆனால் இன்றுவரை உலகம் அவர்களை விளாதீமிர், ஒல்கா என்றுதான் அறிகிறது.

சுவெத்லானா வேண்டாம், இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஒன்று வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டால் மீரா, மாயா, நீனா மூன்றும் அங்கேயும் வழங்குகிற பெயர்கள். எனக்கு மிகவும் பிடித்தது ராதா. ரஷ்யர்கள் 'ராதா' என்றே எழுதலாம். ஸ்லாவ் மொழிகளில் அது மகிழ்ச்சி என்ற பொருளுள்ள பழைய பெயர். சுகன்யா போன்ற பெயர்களைத் தவிர்த்துவிடுங்கள். அதன் முதல் பாதி அங்கே மோசமான வசைச் சொல்லாகக் கேட்கும். 'துரா' என்றால் முட்டாள் பெண், அதனால் துரை, துர்கா போன்றவையும் வேண்டாம். ஆனால் முடிவு காத்யாவுடையதும் முருகனுடையதும்தான். நீங்களும் சம்பந்தியம்மாவும் ஆளுக்கொரு பெயரைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வது நல்லது.

சம்பந்தியம்மாவை அவர் பெயரும் அவர் அப்பா பெயரும் சேர்த்துக் கூப்பிடுங்கள். அது கணவர் பெயரல்ல, கல்யாணத்துக்குப் பிறகும் மாறாது. முருகனிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு நாலு தரம் சொல்லிப் பாருங்கள். ரஷ்ய மொழியிலும் நம்மைப் போல நீ, நீங்கள் இரண்டும் உண்டு. 'தீ' என்றால் நீ, 'வீ' என்றால் நீங்கள். அவராக 'பெயரை மட்டும் சொல்லிக் கூப்பிடுங்கள்' என்று சொல்லும்வரை 'வீ' போட்டே பேசுங்கள். அவரும் உங்களிடம் உங்கள் அப்பா பெயரைக் கேட்கலாம். தயங்காமல் சொல்லுங்கள், உங்களுக்கும் ஒரு 'ஓவ்னா' வைத்து மரியாதை செய்யத்தான் கேட்கிறார்.

கடைசியாக, பதிவு வேலை. குழந்தை பிறந்து ஒரு மாதத்துக்குள் 'ஸாக்ஸ்' எனப்படும் பதிவு அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ரஷ்ய எழுத்தில் எப்படி எழுதுகிறார்களோ அதை வைத்துத்தான் பாஸ்போர்ட்டில் ஆங்கில எழுத்தும் விழும். அவர்களிடம் ழ கிடையாது, யாழினி என்றால் யாலினி ஆகிவிடும். நம் ஹ-வும் கிடையாது, ஹரிணி 'க'வில் தொடங்கும் பெயராகிவிடும். முருகன் பெயர் அவனுடைய கல்யாணச் சான்றிதழில் எந்த எழுத்தில் இருக்கிறதோ, குழந்தையின் பதிவிலும் அதே எழுத்தில் வருகிறதா என்று கையெழுத்துப் போடும் முன் அவனையே சரிபார்க்கச் சொல்லுங்கள்.