உயிர் இரைக்குக் கொடுக்கிற காசு வீணா?

கேள்வி: வாரக் கடைசிகளில் பொழுதுபோக்குக்காகக் கடலில் தூண்டில் போடுகிறேன். சிறிய படகில் நண்பர்களோடு போய், செலவைப் பங்கு போட்டுக்கொள்வோம். ஒவ்வொரு முறையும் எனக்கு ஆகும் செலவில் மூன்றில் ஒரு பங்கு உயிர் இரைக்கே போய்விடுகிறது. வாங்கும் சிறு மீன்களில் பாதி, முள்ளில் கோர்ப்பதற்கு முன்பே செத்து மிதக்கின்றன. அதனால் எப்போதும் கூடுதலாகவே வாங்குகிறேன். பம்பு பொருத்திய பெரிய இரைத் தொட்டி ஒன்றைத் தவணையில் வாங்கலாமா என்று யோசிக்கிறேன். உயிர் இரையை விட்டுவிட்டு, செத்த இரைக்கோ போலி இரைக்கோ மாறிவிடு என்கிறார் ஒரு நண்பர். 'அந்தக் காசுக்குச் சந்தையிலேயே நல்ல மீன் வாங்கலாமே' என்கிறார் மனைவி. கணக்குப்படி எது சரி?

பதில்: தவணையில் தொட்டி வேண்டாம். உயிர் இரையை அடியோடு நிறுத்தவும் வேண்டாம். வாங்கும் எண்ணிக்கையைப் பாதியாகக் குறையுங்கள். அதில் மிச்சமாகும் காசில் ஒரு பகுதியை, வாங்கிய இரையை உயிரோடு வைத்திருப்பதற்குச் செலவிடுங்கள்.

உங்கள் கேள்வியிலேயே பதில் பாதி இருக்கிறது. பாதி சாகிறது, அதனால் கூடுதலாக வாங்குகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். கூடுதலாக வாங்குவதால்தான் பாதி சாகிறது. நெரிசலில் இரை சாகிறது, சாவை ஈடுகட்ட இன்னும் வாங்குகிறீர்கள், நெரிசல் இன்னும் கூடுகிறது. இந்தச் சுழலில்தான் உங்கள் பணம் போகிறது.

எண்களோடு பார்ப்போம். விலை இடத்துக்கு இடம் மாறும் என்பதால், ஓர் உயிர் மீனின் விலையை 1 அலகு என்று வைத்துக்கொள்கிறேன். நீங்கள் 30 மீன் வாங்குகிறீர்கள், செலவு 30 அலகு. 15 மீன் கரையிலும் வழியிலும் செத்துவிடுகின்றன. மிச்சம் 15-இல் 10 மீன் முள்ளில் ஏறுகின்றன, 5 மீன் மாலைவரை வாளியிலேயே கிடக்கின்றன. ஆக, உயிரோடு தண்ணீரில் இறங்கிய ஒவ்வொரு மீனுக்கும் நீங்கள் கொடுத்த உண்மையான விலை 3 அலகு. கடைக்காரர் 1 அலகுக்குத்தான் விற்றார். மற்ற 2 அலகு உங்கள் வாளியில் வீணாய்ப் போனது.

இப்போது 14 மீன் மட்டும் வாங்கி நன்றாக வைத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். 2 சாகின்றன, 10 முள்ளில் ஏறுகின்றன, 2 மிஞ்சுகின்றன. அதே 10 மீனுக்கு ஆன செலவு 14 அலகு. ஒவ்வொரு பயணத்திலும் 16 அலகு கையில் நிற்கும். பேட்டரியில் ஓடும் சிறிய காற்றுப் பம்பும் வட்ட வாளியும் சேர்ந்து 50 அலகு ஆனாலும், 4-ஆவது பயணத்தில் போட்ட பணம் திரும்பிவிடும். எண்கள் கணக்குக்காக நான் போட்டவைதான். உங்கள் எண்களை அதே இடத்தில் வைத்துப் பாருங்கள், விடை பெரிதாக மாறாது என்று நினைக்கிறேன்.

இரை ஏன் சாகிறது என்பதையும் சொல்ல வேண்டும். காரணம் தெரிந்தால்தான் எதற்குச் செலவு செய்யலாம், எதற்கு வேண்டாம் என்று புரியும். கடல்நீரில் உயிர்வளி (ஆக்சிஜன்) கரைந்திருக்கும் அளவே குறைவு. 20 டிகிரி செல்சியஸில் நன்னீர் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் தாங்கும். அதே வெப்பத்தில் கடல்நீர் ஏறத்தாழ 7.4 மில்லிகிராம்தான் தாங்கும். 30 டிகிரிக்குப் போனால் அது 6.2 அளவுக்கு இறங்கிவிடும். மீன் குளிர் ரத்தப் பிராணி. தண்ணீர் 10 டிகிரி சூடேறினால் அதற்குத் தேவைப்படும் உயிர்வளி ஏறக்குறைய இரண்டு மடங்காகும். அதாவது வெயில் ஏற ஏற வரவு குறைகிறது, செலவு கூடுகிறது. அதோடு மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவைத் தண்ணீரில் விட்டுக்கொண்டே இருக்கும். தண்ணீர் மேல் நுரை கட்டி நின்றால், மீன் உடம்பின் வழவழப்பும் கழிவும் சேர்ந்துவிட்டன, தண்ணீரை மாற்றச் சொல்கிறது என்று அர்த்தம்.

இதற்கெல்லாம் மருந்து மலிவானது. வாளி நிழலில் இருக்கட்டும். தண்ணீரை உறையவைத்த மூடிய பாட்டில் ஒன்றை உள்ளே மிதக்க விடுங்கள். ஐஸ் கட்டியை நேரடியாகப் போடக் கூடாது. குழாய்த் தண்ணீரில் செய்த ஐஸ் என்றால் அதிலுள்ள குளோரின் இரையைக் கொல்லும், உருகும் நன்னீர் உப்பையும் குறைக்கும். ஒரேயடியாகக் குளிர வைப்பதும் அதிர்ச்சிதான், கொஞ்சம் கொஞ்சமாகக் குறையட்டும். அரை வாளித் தண்ணீரை அவ்வப்போது புதுக் கடல்நீரால் மாற்றுங்கள். செத்ததை உடனே எடுத்துவிடுங்கள். சதுரத் தொட்டியைவிட வட்ட வாளி நல்லது. மத்தி, நெத்திலி போன்றவை நிற்காமல் நீந்துபவை, மூலையில் போய் முட்டி மூக்கும் செதிலும் போய்விடும். கையால் அள்ளாமல் சிறு வலையால் எடுத்தால் இன்னும் நல்லது.

எந்த இரையை வாங்குகிறீர்கள் என்பதும் கணக்கில் சேரும். மத்தியும் நெத்திலியும் தொட்டாலே செதில் உதிர்க்கும், சீக்கிரம் சாகும். மடவை கெட்டி உயிர், கழிமுகத்தின் உப்புக் குறைந்த தண்ணீரிலும் கடலிலும் தாக்குப்பிடிக்கும். நண்டுக்கு வாளித் தண்ணீரே தேவையில்லை. செவுள் ஈரமாக இருக்கும்படி நனைத்த துணியில் போர்த்தி, குளிர்ந்த நிழலில் வைத்தால் போதும். கடல் புழுவும் ஈரமான தாளில் சுற்றிக் குளுமையாக வைத்தால் தாங்கும். மத்தி ஒன்று 1 அலகு, மடவை ஒன்றரை அலகு என்றால், வாளியில் சாகும் மத்தியைவிட மடவையே மலிவு. இதை மட்டுமாவது கவனத்தில் வையுங்கள்.

பெரிய தொட்டிக்கு ஏன் வேண்டாம் என்றேன்? கடல்நீர் ஒரு லிட்டர் ஒரு கிலோவுக்குச் சற்று மேல். 60 லிட்டர் தொட்டி நிரம்பினால் 60 கிலோவைத் தாண்டும். பங்குபோட்டுப் போகிற சிறிய படகில் அந்தச் சுமைக்கு எரிபொருளும் இடமும் யார் கணக்கில்? வட்டி தனி. தினம் கடலுக்குப் போய்ப் பிழைப்பவருக்குத் தொட்டி ஒரு தொழில் கருவி, சம்பாதித்துக் கொடுக்கும். வாரக் கடைசியில் போகிறவருக்கு அது பொழுதுபோக்குச் செலவு. பொழுதுபோக்குப் பொருளைக் கடனில் வாங்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாகவே இருப்பேன். சிறிய பம்பால் உங்கள் சாவுக் கணக்கு இறங்கவில்லை என்று சில மாதம் எழுதிப் பார்த்தபின் தெரிந்தால், அப்போது காசு சேர்த்து வாங்கலாம்.

அடுத்து, செத்த இரைக்கு மாறலாமா என்ற கேள்வி. இரை தவிர்த்த உங்கள் பயணச் செலவு 60 அலகு என்று வையுங்கள், இரை 30, மொத்தம் 90. செத்த இரைக்கு 6 அலகு போதும் என்றால் மொத்தம் 66. அப்படியானால் உயிர் இரை, செத்த இரையைவிடக் குறைந்தது 36 சதவீதம் கூடுதலாக நல்ல கடி தந்தால்தான் ஈடாகும். இரைச் செலவை 14-க்குக் கொண்டுவந்துவிட்டால் மொத்தம் 74. அப்போது 12 சதவீதம் கூடுதல் கடி தந்தாலே போதும். இரையைக் காப்பாற்றக் கற்றுக்கொண்டவருக்கு உயிர் இரை எளிதில் ஈடாகிறது. வீணாக்குபவருக்கு அதே இரை நட்டமாகத் தெரிகிறது. உங்கள் நண்பர் சொல்வதும் நீங்கள் நம்புவதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருப்பது இதனால்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. கடலுக்குள் போய்விட்டால் படகு, எரிபொருள், நாள் எல்லாம் செலவாகிவிட்டவை, திரும்ப வராது. அந்த 60 அலகுக்குப் பலன் வாங்கித் தருவது முள்ளில் இருக்கும் இரைதான். அதில் மட்டும் கடைசிக் காசுவரை மிச்சம் பிடிப்பது புத்திசாலித்தனம் ஆகாது. எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்கிறேனே தவிர, தரத்தைக் குறைக்கச் சொல்லவில்லை.

எல்லா இடத்திலும் உயிர் இரை வேண்டும் என்பதும் இல்லை. கெளுத்தி போன்றவை வாசனையைத் தேடி வருபவை, அவற்றுக்குச் செத்த மீன் துண்டும் கணவாய்த் துண்டும் போதும். உயிர் இரைக்குக் காசு கொடுப்பது களவா, பாறை, சீலா போல வேட்டையாடும் மீன்களுக்காக. தடுமாறி நீந்துகிற சிறு மீன் கிளப்பும் அதிர்வை அவை உடலின் பக்கவாட்டுக் கோட்டால் உணர்ந்து வரும். துண்டு இரையில் அந்த அதிர்வு கிடையாது. பொடி மீன்கள் கொத்தித் தின்னும் இடத்தில் உயிர் இறால் போட்டால் சில நிமிடங்களில் முள் காலியாகிவிடும், அங்கே அது மிக விலையுயர்ந்த இரை. அதே இடத்தில் கொஞ்சம் பெரிய உயிர் மீன் நெடுநேரம் நிற்கும். ஆகவே கடையில் ஒன்றின் விலையைக் கேட்பதோடு நிறுத்தாமல், முள்ளில் எத்தனை நிமிடம் உயிரோடு இருந்தது என்று பாருங்கள். கோர்க்கும் விதமும் இதில் சேரும். மீனை உதட்டிலோ முதுகுத் துடுப்புக்கு அருகிலோ முதுகெலும்பில் படாமல் கோருங்கள். இறாலை அதன் தலையில் தெரியும் கரும் பகுதியைத் தவிர்த்துக் கொம்புக்குக் கீழே கோருங்கள். தப்பாகக் கோர்த்தால் உயிர் இரையின் விலை கொடுத்துச் செத்த இரை போட்டதாகிவிடும்.

போலி இரை மலிவு என்பது பாதி உண்மை. சாகாது, அழுகாது, வருடக் கணக்கில் வரும். ஆனால் பாறையில் ஒருமுறை சிக்கித் தூண்டில் நரம்பு அறுந்தால், பல உயிர் மீன்களின் விலை ஒரே நொடியில் போய்விடும். தண்ணீர் கலங்கியிருக்கும் நாளில் கண்ணால் பார்த்து வரும் மீனுக்கு அது தெரியாமலும் போகலாம். மணல் அடித்தளம், தெளிந்த தண்ணீர் என்றால் ஒன்றிரண்டு வாங்கிப் பழகுங்கள். பெட்டி நிறைய வேண்டாம்.

வீச்சு வலை போட்டு நீங்களே இரை பிடிக்கலாமே என்று அடுத்த யோசனை வரும். நேரத்துக்கும் விலை உண்டு. 60 அலகு செலவில் 6 மணி நேரம் கடலில் இருந்தால் மணிக்கு 10 அலகு. இரை பிடிக்க ஒன்றரை மணி நேரம் போனால் 15 அலகு, இரை வாங்கும் 14 அலகைவிட அதிகம். மீன் நன்றாகக் கடிக்கும் அதிகாலை நீரேற்றத்தை அதில் இழந்தால் நட்டம் இன்னும் கூடும். முந்தின நாள் மாலையே கரையோரத்தில் பிடித்து, தண்ணீரில் கூண்டு கட்டி வைக்க வசதி இருந்தால் கணக்கு மாறும். வலை வீசுவதே உங்களுக்குச் சந்தோஷம் என்றாலும் மாறும், அப்போது அந்த நேரத்தைச் செலவில் எழுத வேண்டியதில்லை.

உங்கள் மனைவி கேட்டதற்கு வருகிறேன். அவர் சொல்வது சரி. சாப்பாட்டு மீனுக்காகப் பார்த்தால் இது நட்டம்தான், எந்த இரை போட்டாலும் பெரும்பாலும் நட்டம்தான். பிடித்த மீனின் சந்தை விலையை வரவில் எழுதி, பயணம் லாபம் என்று அவரிடம் காட்ட முயலாதீர்கள். அந்த வாரம் வீட்டில் எப்படியும் வாங்கியிருக்கக்கூடிய மீனின் விலையை மட்டுமே வரவாக எழுதலாம். நீங்கள் ஒருபோதும் வாங்காத விலையுயர்ந்த மீன் மாட்டினால், அது சந்தோஷம், வரவு ஆகாது. இதைக் கேளிக்கைச் செலவு என்று ஒப்புக்கொண்டு, மாதத்துக்கு ஒரு தொகையை இருவரும் பேசி முடிவு செய்யுங்கள். கிரெடிட் கார்டில் பாக்கி இருந்தால் அதை அடைத்த பிறகு. அந்தத் தொகைக்குள் எது இரை, எது எரிபொருள் என்று நீங்கள் பிரித்துக்கொள்ளலாம், யாரும் கேட்க வேண்டியதில்லை.

நான் சொன்ன 36-ஐயும் 12-ஐயும் நம்பி முடிவெடுக்க வேண்டாம், நீங்களே சோதியுங்கள். ஒரே படகில், ஒரே நேரத்தில் இரண்டு தூண்டில். ஒன்றில் உயிர் இரை, மற்றதில் அதே வகைச் செத்த மீன். காற்றும் நீரோட்டமும் இரண்டுக்கும் ஒன்றே என்பதால், 'அன்றைக்கு நாள் சரியில்லை' என்ற சந்தேகம் எழாது. வாங்கியது எத்தனை, முதல் முள் போடும்போது உயிரோடு இருந்தது எத்தனை, கோர்த்தது எத்தனை, எந்தத் தூண்டிலில் எத்தனை கடி என்று குறித்து வையுங்கள். இரண்டு மூன்று பயணத்தில் தீர்ப்பு எழுத வேண்டாம், ஒரு பருவமாவது போகட்டும்.

பிடித்ததைத் திரும்ப விடும் வழக்கம் இருந்தால், நுனி உள்பக்கமாக வளைந்த வட்ட முள் வாங்குங்கள். உயிர் இரையை மீன் ஆழமாக விழுங்கும். சாதாரண முள் வயிற்றில் குத்தும், வட்ட முள் பெரும்பாலும் வாயோரத்தில் மாட்டும், விட்ட மீன் பிழைக்கும். சுண்டி இழுக்காமல் நரம்பை மெல்ல இறுக்கினால் போதும். அப்புறம், உங்கள் கரையின் விதிகளைப் படியுங்கள். நார்வே, ஜெர்மனி போன்ற நாடுகளில் உயிர் மீனை இரையாகக் கோர்க்கவே அனுமதி இல்லை. வீச்சு வலைக்கும் இரையின் அளவுக்கும் கட்டுப்பாடு வைத்திருக்கும் இடங்கள் உண்டு. ஒரே ஒரு அபராதம் நீங்கள் மிச்சம்பிடித்த அத்தனை அலகையும் கொண்டுபோய்விடும்.

வேறு கடற்கரையிலிருந்து வந்த இரை மிஞ்சினால் கடலில் கொட்டாதீர்கள், நோயும் அந்நிய உயிர்களும் அப்படித்தான் பரவுகின்றன. செத்ததையும் மிஞ்சியதையும் உடனே ஐஸில் வைத்து, வீட்டுக்கு வந்ததும் உப்பில் புரட்டி உறையவையுங்கள். உப்பு சதையை இறுக்கும், முள்ளில் நிற்கும். அடுத்த பயணத்தில் அந்த இரண்டாவது தூண்டிலுக்குத் தனியாக இரை வாங்க வேண்டியிருக்காது.