எல்லை ஒப்பந்தங்களால் ஊரை விட்டவர்களை ஏன் யாரும் கண்டுகொள்வதில்லை?

கேள்விக்குள்ளேயே பாதிப் பதில் இருக்கிறது: ஒப்பந்தம். போர் என்றால் புகைப்படம் வரும், நாமும் பதறுவோம். கையெழுத்து போட்டுக் கைகுலுக்கினால் பிரச்சினை தீர்ந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம்.

இந்தியா–வங்கதேசத்தைப் பாருங்கள். 1974இல் போட்ட நில எல்லை ஒப்பந்தப்படி திட்டுநிலங்கள் (ஒரு நாட்டுக்குள் தீவுபோல் சிக்கியிருந்த மற்ற நாட்டு நிலங்கள்) கைமாறியது 2015 ஜூலை 31 நள்ளிரவில்தான். வங்கதேசத்துக்குள் இருந்த 111 இந்தியத் திட்டுகள் அங்கே போயின. இந்தியாவுக்குள் இருந்த 51 இங்கே வந்தன. அதுவரை இந்தத் திட்டுகளில் இருந்தவர்களுக்கு ஓட்டு கிடையாது, போலீஸ் கிடையாது. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கவே சிலர் வேறு யாரையோ அப்பா என்று எழுதிக்கொடுத்தார்கள். நாற்பது வருடம் இதெல்லாம் யாருக்கும் உறைக்கவில்லை.

வங்கதேசப் பக்கத்திலிருந்து தொள்ளாயிரத்துச் சொச்சம் பேர் இந்தியாவுக்கு வந்து, மேற்கு வங்கத்தின் கூச் பிகார் மாவட்டத்தில் தகரக் கொட்டகை முகாம்களில் சில வருடங்கள் கிடந்தார்கள். நமக்குக் கோபம் வந்ததோ வேறு விஷயத்துக்கு: எத்தனை ஏக்கர் கைவிட்டுப் போச்சு என்று! நிலத்தை நாட்டின் உடம்பாகப் பார்க்கிறோம், அதில் உழுதவரை அல்ல. அப்புறம், தொள்ளாயிரம் பேர் எந்தத் தேர்தல் முடிவையும் மாற்றப்போவதில்லை. 'அவர்களாகத்தானே வந்தார்கள்' என்றும் சொல்லிவிடலாம். எந்த நாடு என்று தேர்ந்தெடுக்கும் உரிமை தரப்பட்டது உண்மைதான். ஆனால் வீட்டையும் வயலையும் மூட்டை கட்டிக்கொண்டு வர முடியாதே.