சட்டப் புத்தகத்தில் சித்திரம் எதற்கு?

கேள்வி: அரசியல் சாசனத்தின் மூலப் பிரதியில் ஓவியங்கள் இருப்பதாகப் பள்ளியில் கேட்டுவந்த என் மகள், அவையெல்லாம் உண்மை வரலாறா என்று கேட்கிறாள். என்ன சொல்வது?
- ஒரு வாசகி, தொண்டி

பதில்: முழு வரலாறு என்று சொல்லிவிடாதீர்கள். 1950 ஜனவரி 24 அன்று உறுப்பினர்கள் கையெழுத்திட்ட அந்தப் பிரதியைச் சாந்திநிகேதனின் நந்தலால் போஸும் அவருடைய குழுவினரும் சித்திரங்களால் அணிசெய்தார்கள். முதல் பகுதியின் தலைப்பில் சிந்துவெளி முத்திரைக் காளை நிற்கிறது. பின்னால் நடராசர், மாமல்லபுரச் சிற்பம், கலவரம் நடந்த வங்காளத்து நவகாளியில் காந்தி என்று வளர்ந்து, கடைசிப் பகுதி உங்கள் ஊர் வாசலில் இருப்பதைப் போன்ற ஒரு கடலில் முடிகிறது.

திப்பு சுல்தானும் ஜான்சி ராணியும் இருக்கும் பக்கத்தை மகளுக்குக் காட்டுங்கள். திப்பு மாண்டது 1799-இல். ராணி மாண்டது 1858-இல். ஒருவர் வாழ்ந்த காலத்தில் மற்றவர் இல்லை. ஆங்கிலேயரை எதிர்த்தவர்கள் என்ற ஒரே உறவுமுறையைக் கொண்டு, நேற்றுப் பிறந்த குடியரசுக்கு ஓவியர் முன்னோர்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். யாரை விட்டார் என்பதும் கேட்கத்தக்க கேள்விதான்.

நம் பக்கத்திற்கு இது புதிதன்று. ராமநாதபுரம் இராமலிங்க விலாசத்தின் 18-ஆம் நூற்றாண்டுச் சுவரோவியத்தில், சேதுபதி தம் செங்கோலை இராஜராஜேஸ்வரி அம்மனிடமிருந்தே பெறுகிறார். அதே மாளிகையில் தஞ்சை மராட்டியருடன் அவர் பொருதிய போரும் தீட்டப்பட்டிருக்கிறது. போர் நடந்தது, செங்கோல் காட்சியோ அரசர் தம்மைப் பற்றிக் குடிமக்கள் நம்பவேண்டும் என்று விரும்பியது. பேருந்தில் போய்வரும் தூரம்தானே, ஒரு விடுமுறையில் மகளை அழைத்துச் செல்லுங்கள்.