அக்கா, அவள் விளையாடவில்லை

அன்புள்ள அக்கா,

போன வாரம் பெற்றோர் கூட்டம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு நீங்கள் மட்டும் வாசலில் நின்றீர்கள். "ஒன்பதாவது படிக்கிற பிள்ளை. அடுத்த வருடம் பொதுத்தேர்வு. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, நான் அள்ளி வரும் பாசியைத் தராசில் வைப்பதும் எடுப்பதுமாக இருக்கிறாள். கேட்டால் ஆராய்ச்சி என்கிறாள். ஆராய்ச்சி சோறு போடுமா?" என்று கேட்டீர்கள். பாம்பன் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று அரைகுறையாக ஏதோ சொல்லிவிட்டு ஓடினேன். அது மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. இதே கேள்வியைத் தங்கச்சிமடத்திலும் கீழக்கரையிலும் தொண்டியிலும் பெற்றோர் கேட்டிருக்கிறார்கள் என்பதால், அவர்களும் படிக்கட்டும் என்று பொதுவிலேயே எழுதுகிறேன். உங்கள் பெயரும் பிள்ளையின் பெயரும் இதில் வராது.

முதலில், அவள் செய்வது என்னவென்று சொல்லிவிடுகிறேன். அவளுடைய நோட்டைப் பக்கம் பக்கமாகப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நீங்கள் கடலிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியைக் கொண்டுவந்து மணலில் பரப்பிக் காயவைக்கிறீர்கள். எடை போட வரும் வியாபாரி, மண் கிடக்கிறது, ஈரம் போகவில்லை என்று சொல்லி ஒரு பங்கைக் கழித்துக்கொள்கிறார். இதைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைக்கு ஒரு கேள்வி எழுந்திருக்கிறது. மணலில் பரப்பாமல், கிழிந்த வலையைக் கம்புகளில் இழுத்துக் கட்டி அதன்மேல் பரப்பினால் பாசி சீக்கிரம் காயுமா, மண் குறையுமா? இதுதான் ஆய்வுக் கேள்வி. அறிவியல் கண்காட்சிக்குக் 'கடல் மாசு' என்று தலைப்பு எழுதி வருகிற பிள்ளைகள் எத்தனையோ பேர். அது தலைப்புதான், அதில் கேள்வி இல்லை. உங்கள் மகளுடைய கேள்விக்குத் தராசும் கடிகாரமும் பதில் சொல்லும். அவள் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறாகவும் சொல்லக்கூடும். அப்படிச் சொல்ல வழி இருப்பதால்தான் அதை ஆய்வு என்கிறோம்.

வலையின் அடியிலும் காற்றுப் புகும், அதனால் சீக்கிரம் காயும் என்பது அவள் கணிப்பு. இதற்குக் கருதுகோள் என்று பெயர். கணிப்பை முதல் பக்கத்திலேயே தேதி போட்டு எழுதச் சொன்னேன். முடிவு தெரிந்த பிறகு 'நான் அப்போதே நினைத்தேன்' என்று சொல்லிக்கொள்ள மனித மனம் ஆசைப்படும், அந்த வாசலை அடைப்பதற்காக.

ஒரே நாளில் எடுத்த பாசியை நன்றாகக் கலந்து, அரை அரைக் கிலோவாக ஆறு கூறு போட்டாள். மூன்று மணலில், மூன்று வலையில். பரப்பும் கனம் ஒன்று, எடை பார்க்கும் நேரம் ஒன்று. மணலா வலையா என்பது மட்டுமே மாறவேண்டும், மற்றதெல்லாம் மாறாமல் இருக்கவேண்டும். ஒவ்வொன்றிலும் ஏன் மூன்று என்று நீங்கள் கேட்கலாம். ஒரு தடவை வலை வீசி மீன் படாவிட்டால் அந்த இடத்தில் மீனே இல்லை என்று யாராவது சொல்வார்களா? அதே நியாயம்தான் இங்கேயும்.

இனி நான் சொல்லப்போவது கொஞ்சம் முக்கியமான இடம். இரண்டாம் நாள் மாலைக் கணக்கில், வலையின் மூன்றாம் கூறுக்கு நேரே காகிதம் தேய்ந்து மெலிந்திருந்தது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். ரப்பரால் அழித்த எண்ணின் தடம் தெரிந்தது. கேட்டதும் ஒளிக்காமல் சொன்னாள். மற்ற இரண்டு கூறும் நன்றாகக் காய்ந்துவிட்டன, இது மட்டும் கனமாக இருந்தது, தான்தான் தவறாக எடை போட்டிருப்போம் என்று நினைத்து மற்ற இரண்டின் சராசரியை எழுதிவிட்டாளாம்.

நான் திட்டவில்லை. பென்சிலை வாங்கிக்கொண்டு பேனாவைக் கொடுத்தேன். பழைய எண்ணைத் திரும்ப எழுதவைத்தேன். ஆய்வு நோட்டில் ரப்பருக்கு இடமே கிடையாது. பிழையென்று தெரிந்தால் ஒற்றைக் கோடு போட்டு அடிக்கலாம், ஆனால் அடித்த எண் படிக்கும்படி இருக்கவேண்டும், பக்கத்தில் காரணம் இருக்கவேண்டும். ஒட்டாத எண்ணை ஒட்டவைப்பது பெரிய பெரிய ஆய்வுக்கூடங்களில் கூட நடந்திருக்கிற குற்றம். பட்டங்களும் பதவிகளும் பறிபோயிருக்கின்றன. பதினான்கு வயதில் இதைக் கற்றுக்கொள்வது அவளுக்குப் பெரிய கொடுப்பினை என்று நினைக்கிறேன்.

அன்று இரவு அவள் உங்களிடம் கேட்டிருக்கிறாள். நீங்கள் குழம்பைக் கிளறிக்கொண்டே, "அது வத்தை நிழலில் கிடந்தது. உச்சிக்கு மேல் அங்கே வெயில் ஏது?" என்று சொல்லியிருக்கிறீர்கள். வத்தை என்றால் கரையில் ஏற்றி வைத்திருக்கும் சிறு படகு. மறுநாள் காலை பிரார்த்தனை மணி அடிப்பதற்கு முன்பே ஓடிவந்து என்னிடம் சொன்னாள். அக்கா, உங்களுக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, அந்த ஒரு வார்த்தையில் அவளுடைய சோதனையின் ஓட்டையைக் காட்டிக் கொடுத்தது நீங்கள்தான். தரை மட்டும் மாறவேண்டிய இடத்தில் வெயிலும் மாறியிருக்கிறது. இப்போது எந்தக் கூறு எந்த இடத்தில் என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டுத் தீர்மானிக்கிறாள். மருந்துகளைச் சோதிக்கும்போது எந்த நோயாளிக்கு எந்த மருந்து என்பதை முடிவு செய்வதும் இந்த முறையில்தான்.

ஆய்வு என்றால் எல்லாமே இப்படிச் சோதனைதான் என்று எண்ணிவிட வேண்டாம். கடலைச் சோதனைக்கூடத்துக்குள் கொண்டுவர முடியாது. அங்கே பார்ப்பதும் எண்ணுவதும்தான் வழி. நீங்கள் 'பெப்சிப்பாசி' என்று சொல்லும் பாசி இந்தக் கடலுக்கு வெளியிலிருந்து வந்தது. குருசடைத் தீவின் பவளப்பாறைகள்மீது அது படர்ந்திருப்பதைக் கண்டு ஆய்வாளர்கள் 2008இல் எழுதினார்கள். மிதவை கட்டி அந்தப் பாசியை வளர்த்துப் பிழைக்கும் குடும்பங்கள் ஒரு பக்கம், பவளம் ஒரு பக்கம். இரண்டுக்கும் நடுவே நியாயம் பேச வேண்டுமானால் முதலில் யாராவது போய்ப் பார்த்து எண்ணிக் கணக்கு வைத்திருக்க வேண்டும். கள ஆய்வு செய்கிற வேலை அது. ஒரு பிள்ளை கரைவலையில் வரும் மீனை வகைவாரியாகப் பிரித்து, எத்தனை குஞ்சு, எத்தனை பெரியது என்று மூன்று மாதம் வாரம் தவறாமல் எழுதிவந்தால் அதுவும் இந்த வகைதான். செலவு ஒரு நோட்டும் ஓர் அளவுகோலும்.

வாய்மொழியைச் சேர்ப்பதும் ஆய்வுதான். இதை நான் கொஞ்சம் ஆதங்கத்தோடு சொல்கிறேன். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனது. அன்று பத்து வயதுச் சிறுவராக இருந்தவருக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. அந்த இரவில் காற்று எந்தப் பக்கம் திரும்பியது, தண்ணீர் எந்த வழியாக ஏறியது, யார் எங்கே ஒதுங்கினார்கள் என்பதெல்லாம் அவர்களோடு போய்விடும். அனுமதி கேட்டு உட்கார்ந்து, எல்லோரிடமும் அதே கேள்விகளை அதே வரிசையில் கேட்டு, சொன்னது சொன்னபடி எழுதி, ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொன்னதோடும் பழைய பத்திரிகைச் செய்தியோடும் ஒப்பிடவேண்டும். வரலாறு படிக்கப் போகும் பிள்ளைக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. ஏற்கெனவே உள்ள மழைக்கணக்கை வைத்துச் செய்யும் ஆய்வும் உண்டு, கருவி ஒன்றைச் செய்து பார்க்கும் ஆய்வும் உண்டு. அவற்றை அவளுக்கு நேரில் சொல்கிறேன்.

கடையில் விற்கும் தெர்மகோல் எரிமலையைப் பற்றி ஒரு வார்த்தை. கண்காட்சி என்றால் முந்நூறு நானூறு கொடுத்து அதை வாங்கித் தரும் பெற்றோர் இருக்கிறார்கள். பாசத்தில் செய்கிறார்கள். ஆனால் அந்தப் பிள்ளைக்கு அதில் கேள்வியும் இல்லை, விடையும் இல்லை. உங்களிடம் யாராவது வாங்கச் சொன்னால் வாங்காதீர்கள்.

அவளுக்கு நான் சில எல்லைகளைப் போட்டிருக்கிறேன், நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள். கடல் அட்டை, கடல் குதிரை, பவளம் எதையும் ஆய்வுக்கு என்று சொல்லிக்கூட எடுக்கக்கூடாது. எல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளுக்கும் வனத்துறை அனுமதி இல்லாமல் போகக்கூடாது. தண்ணீருக்குள் தனியாக இறங்கவே கூடாது. அவளுக்கு வேண்டிய பாசி உங்கள் குவியலிலேயே இருக்கிறது.

அந்தக் குவியல் எங்கே போகிறது என்று அவளிடம் கேட்டுப் பாருங்கள். மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து அகர் எடுக்கிறார்கள். கீழக்கரை வீடுகளில் நோன்பு திறக்கக் கடற்பாசி காய்ச்சுகிறார்களே, அந்தப் பண்டம்தான். நோய்க்கிருமிகளை ஆராயும் கூடங்களில் கிருமி வளர்க்கும் தட்டில் ஊற்றுவதும் அதைத்தான். ஜெர்மனியில் ராபர்ட் காக் கிருமிகளை ஆராய்ந்தபோது, கிருமி வளர்க்கப் பயன்படுத்திய ஜெலட்டின் சூட்டில் உருகி வேலையைக் கெடுத்தது. அவருடைய கூடத்தில் இருந்த வால்டர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே, தன் சமையலறையில் ஜெல்லி கெட்டிப்பட அகர் போடுவதைச் சொன்னார். 1882இல் காக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்து வெளியிட்ட கட்டுரையிலேயே அகர் இடம்பெற்றுவிட்டது. அடுப்படியில் இருந்த ஒரு பெண்ணுக்குத் தெரிந்த சங்கதி அது. வத்தை நிழலைப் பற்றி நீங்கள் சொன்னபோது எனக்கு அவர் நினைவுதான் வந்தது.

இனி சோறு. மறைக்காமல் சொல்கிறேன். ஆராய்ச்சி என்ற பாதை நீளமானது. பிளஸ் டூ, மூன்றாண்டு பி.எஸ்சி., இரண்டாண்டு எம்.எஸ்சி. முடிக்க அவளுக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதாகும். அதன்பின் நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தேறினால் மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்குப் பிறகு 42,000. முனைவர் பட்டத்துக்கு ஐந்து ஆண்டுகள் போல ஆகும். அந்தத் தேர்வு கடினம், எழுதுகிறவர்களில் சிறு பங்கினரே தேறுகிறார்கள். தேறியவர்களுக்கும் பணம் சில நேரம் தாமதமாக வரும். நிரந்தர வேலைக்குக் காத்திருக்க வேண்டியும் வரலாம். இதைச் சொல்லாமல் 'விஞ்ஞானி ஆவாள்' என்று மட்டும் சொன்னால் நான் உங்களுக்குத் துரோகம் செய்தவன் ஆவேன்.

ஆனால் அவள் அந்த ஒற்றைக் கயிற்றில் தொங்க வேண்டியதில்லை. தூத்துக்குடியில் 1977 முதல் மீன்வளக் கல்லூரி இருக்கிறது, மீன்வள அறிவியல் பட்டம் நான்கு ஆண்டு. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீடு அந்தப் படிப்புக்கும் உண்டு. தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் வளாகத்தில் கடல் சார்ந்த படிப்பு இருக்கிறது. அவள் கணக்கிலும் தேறிவிட்டால் ஐசர் என்கிற மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களின் ஐந்தாண்டுப் படிப்புக்கு எழுதலாம். திருப்பதியிலும் திருவனந்தபுரத்திலும் இருக்கின்றன. கல்லூரி சேர்ந்ததும் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கு வரும், அரசுப் பள்ளிப் பிள்ளை என்பதால். எந்தப் பாதையில் பாதியில் நின்றாலும், மீன் பதனிடும் ஆலைகளின் தரப் பரிசோதனைக் கூடங்கள், மீன்வளத்துறை, ஆசிரியர் பணி என்று திரும்பி வர இடம் இருக்கிறது. ஆகவே பதினொன்றாம் வகுப்பில் உயிரியலோடு கணிதமும் உள்ள பிரிவை எடுக்கச் சொல்லுங்கள். இது ஒன்றில் மட்டும் நான் பிடிவாதமாக இருப்பேன்.

மண்டபம் முகாம் வழியாக எத்தனையோ தடவை பஸ்ஸில் போயிருப்பீர்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையிடமே 1971 வரை அங்கேதான் இருந்தது, பிறகுதான் கொச்சிக்குப் போனது. இன்றும் அங்கே அதன் மண்டல மையம் இயங்குகிறது. உங்கள் வீட்டிலிருந்து பாலம் தாண்டினால் வந்துவிடும் தூரம். பாசியைப் பற்றி அங்கே பல பத்தாண்டுகளாக வேலை நடந்திருக்கிறது. அவள் புதிதாகக் கேட்பதாக நினைக்கும் கேள்வியை யாராவது முன்பே கேட்டிருக்கிறார்களா என்று தேடிப் படிப்பதும் ஆய்வில் ஒரு பாதி. அதற்கு நான் உதவுகிறேன்.

படிப்புக் கெடும் என்ற உங்கள் பயம் நியாயமானது. அதனால் அவளோடு ஓர் ஒப்பந்தம் செய்திருக்கிறேன். பள்ளி நாட்களில் தராசைத் தொடக்கூடாது. சனிக்கிழமை காலை பரப்புவது, சனி மாலையும் ஞாயிறும் எடை பார்ப்பது, அவ்வளவுதான். அரையாண்டுத் தேர்வுக்கு மூன்று வாரம் முன்பு நோட்டை என்னிடம் கொடுத்துவிடுவாள். இந்த ஆண்டு பள்ளிப் பிள்ளைகளின் புதிய யோசனைகளுக்கு மத்திய அரசு தரும் இன்ஸ்பயர் மானக் விருதுக்குப் பள்ளி வழியாக அவள் பெயரை அனுப்பச் சொல்லியிருக்கிறேன், கிடைத்தால் பத்தாயிரம் ரூபாய். கிடைக்காவிட்டாலும் வேலை நிற்காது.

உங்களிடம் நான் கேட்பது இரண்டு. அவள் எடை பார்த்து முடிக்கும்வரை அந்த ஆறு கூறையும் உங்கள் குவியலோடு சேர்த்துவிடாதீர்கள். அடுத்தது, வரும் சனிக்கிழமை பரப்புவதற்கு முன் கரையில் அரைமணி நேரம் அவளோடு நில்லுங்கள். எந்த இடத்தில் எத்தனை மணிக்கு நிழல் விழும், வாடைக்காற்று வீசினால் மணல் எந்தப் பக்கம் பறக்கும் என்பதையெல்லாம் சொல்லுங்கள். அவள் எழுதிக்கொள்வாள். பள்ளியிலிருந்து நல்ல தராசு ஒன்றை நான் வாங்கி வருகிறேன், இப்போது அவள் வைத்திருப்பது பத்துப் பதினைந்து கிராம் கூடக் குறையக் காட்டுகிறது.