தூண்டில் பெட்டி: டெக்சஸின் கால்வெஸ்டன் கரையிலிருந்து பதில்கள்

மே மாதம் நாகப்பட்டினத்திலிருந்து அப்பா வருகிறார். எழுபது வயது. கால்வெஸ்டனில் மீன் பிடிக்க வேண்டுமாம். மூத்தவர்களுக்கு லைசன்ஸ் வேண்டாம் என்கிறார் பக்கத்து வீட்டு நண்பர். அப்பாவோ வீச்சுவலையைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவரட்டுமா என்று கேட்கிறார். என்ன சொல்வது அக்கா?
வாசகி, சுகர்லேண்ட்

நண்பர் பேச்சை நம்பிப் போய்விடாதீர்கள். வயதைக் காரணம் காட்டி டெக்சஸில் லைசன்ஸே இல்லாமல் மீன் பிடிக்க வேண்டுமென்றால் 1931 ஜனவரி 1-க்கு முன் பிறந்திருக்க வேண்டும். அறுபத்தைந்து தாண்டிய உள்ளூர்க்காரர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு. ஆனால் உள்ளூர்க்காரர் என்றால் ஆறு மாதத்துக்கு மேல் இங்கே தொடர்ந்து வசித்திருக்க வேண்டும். அப்பா வெளியூர்க் கணக்குதான். அவருக்கு ஒருநாள் லைசன்ஸ் வாங்கிக்கொடுங்கள், அதில் கடலும் அடக்கம். அடுத்தடுத்த நாட்களுக்கும் சேர்த்தே வாங்கலாம்.

அதுவும் வேண்டாம் என்றால் கால்வெஸ்டன் ஐலண்ட் ஸ்டேட் பார்க்குக்குக் கூட்டிப்போங்கள். மாநிலப் பூங்காவுக்குள் கரையில் நின்று தூண்டில் போட லைசன்ஸ் கேட்கமாட்டார்கள், நுழைவுக் கட்டணம் மட்டும்தான். அப்பா ஜூன் வரை இருந்தால் இன்னும் வசதி. முதல் சனிக்கிழமை மாநிலம் முழுக்க லைசன்ஸ் இல்லாமல் பிடிக்கலாம். மீனின் அளவும் எண்ணிக்கையும் மட்டும் எந்த நாளும் எல்லாருக்கும் பொது. பதினேழு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கும் லைசன்ஸ் வேண்டாம், அளவு விதி உண்டு.

வீச்சுவலை தாராளமாக வரட்டும். விரித்தால் விட்டம் 14 அடிக்கு மேல் இருக்கக்கூடாது, அதை மட்டும் ஊரிலேயே அளந்து பார்த்துவிடச் சொல்லுங்கள். ரெட்ஃபிஷ், டிரவுட் மாதிரி விளையாட்டு மீன் (game fish) என்று மாநிலப் பட்டியலில் இருப்பது வலையில் விழுந்தால் அப்படியே தண்ணீரில் விட்டுவிட வேண்டும். இரைக்கு இறால் அள்ளலாம். மடவை எடுக்கலாம். மடவையை இங்கே பெரும்பாலும் தூண்டில் இரையாகத்தான் பார்க்கிறார்கள், அது அவர்கள் தலையெழுத்து. அக்டோபர் தொடங்கி ஜனவரி முடிய 12 அங்குலத்துக்கு மேற்பட்ட மடவையை எடுக்கக்கூடாது. பெரிய மடவை முட்டையிட விரிகுடாவை விட்டு வெளிக்கடலுக்குக் கூட்டமாகப் போகும் காலம் அது. அப்பா வருவது மே மாதம், அதனால் தப்பித்தார்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கிழக்குக் கரையில் 61 நாள் தடைக்காலம் என்பது அவருக்குத் தெரியாததா? அங்கே அது விசைப்படகுகளைக் கரையில் கட்டிப்போடுகிற சட்டம். இங்கே கடலை மொத்தமாகப் பூட்டுவதில்லை, மீனுக்கு மீன் தனிக் கணக்கு. வலையைவிட அங்குல டேப்தான் பெட்டியில் முக்கியம் என்று அப்பாவிடம் சொல்லிவையுங்கள்.

முதல் முறையாக ஒரு பெரிய ரெட்ஃபிஷ் மாட்டியது. 33 அங்குலம். கையில் தூக்கி போட்டோ எடுப்பதற்குள் பக்கத்தில் நின்ற ஒருவர் 'விட்டுவிடு, விட்டுவிடு' என்று கத்திவிட்டார். சின்ன மீனை விடச் சொன்னால் நியாயம். பெரியதை ஏன் விட வேண்டும்?
வாசகர், கேட்டி

தம்பி, அவர் நல்ல மனிதர். ஆனால் பாதி விதியைத்தான் சொல்லியிருக்கிறார். ரெட்ஃபிஷ் 20 அங்குலத்திலிருந்து 28 அங்குலம் வரை இருந்தால் எடுக்கலாம், ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று. 28-க்கு மேல் போனதை, லைசன்ஸோடு வரும் சீட்டை மீனில் கட்டி, வருடத்துக்கு ஒன்று எடுக்கலாம். உங்களிடம் சீட்டு இருந்திருந்தால் எடுத்திருக்கலாம். நானாக இருந்தால் எடுத்திருக்கமாட்டேன், அது வேறு.

இந்த மீன் நம் கத்தாளைக் குடும்பம். முதல் மூன்று நான்கு வருடம் விரிகுடாவுக்குள் வளர்கிறது. 28 அங்குலம் வாக்கில் பருவத்துக்கு வந்து வெளிக்கடலுக்குப் போய்விடுகிறது. ஆகஸ்ட் கடைசியிலிருந்து முகத்துவாரங்களுக்குக் கூடி வந்து முட்டையிடும். முப்பது வருடத்துக்கு மேலும் வாழக்கூடிய மீன். அப்படியானால் நீங்கள் தூக்கிப் பிடித்தது இன்னும் எத்தனையோ இலையுதிர் காலம் குஞ்சு தரவேண்டிய தாய். பொடிசுக்கு ஒரு எல்லை, தாய்க்கு ஒரு எல்லை, நடுவில் இருப்பது நமக்கு. அதிலும் 33 அங்குல மீனின் சதை சக்கை மாதிரி இருக்கும், குழம்புக்கு 22 அங்குலம்தான் சரி.

அளக்கும் முறையையும் தெரிந்துகொள்ளுங்கள், அபராதம் வாங்குவது பெரும்பாலும் இங்கேதான். மீனை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயை மூடுங்கள். வாலின் இரண்டு நுனியையும் விரலால் நெருக்கிச் சேர்த்து, மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை நேர்கோட்டில் அளக்க வேண்டும். முதுகின் வளைவோடு டேப்பைப் படுக்கவைத்தால் அரை அங்குலம் கூடிவிடும், விதியை மீறுகிறவர்களைப் பிடிக்கும் கேம் வார்டன் அதை ஒத்துக்கொள்ளமாட்டார். கடலுக்குள் நீளும் கல் அணையில் நின்றபடியே தலையை வெட்டித் துண்டு போடும் பழக்கமும் வேண்டாம். அளவு விதி உள்ள மீனைத் தலையும் வாலும் இருக்கிற மாதிரிதான் கொண்டுபோக வேண்டும். குடலை எடுத்துக்கொள்ளலாம்.

நவம்பரில்தான் ஃபிளவுண்டர் என்ற தட்டை மீன் கூட்டமாக வருமாம். அந்த மாதமே தடை என்கிறார்கள். கையில் வருவதைத் தடுப்பது என்ன விதி?
வாசகர், பேர்லேண்ட்

கூட்டமாக வருவதால்தான் தடை. முதல் வாடைக்காற்று அடித்து விரிகுடா குளிர்ந்ததும் முட்டையிடப் போகும் ஃபிளவுண்டர் எல்லாம் ஒரே குறுகிய வாய் வழியாகத்தான் வெளிக்கடலுக்குப் போக வேண்டும். கல்யாண மண்டப வாசலில் நின்றுகொண்டு வருகிறவர்களை எல்லாம் பிடிப்பதைப் போன்றது அது. நவம்பர் 1 முதல் டிசம்பர் 14 வரை தூண்டிலிலும் கூடாது, இரவில் விளக்கு வைத்து ஈட்டியால் குத்தவும் கூடாது. வியாபாரத்துக்குப் பிடிப்பவர்களுக்கும் இதே கெடுதான்.

இன்னொன்றும் உண்டு. குஞ்சுப் பருவத்தில் தண்ணீர் சூடாக இருந்தால் ஃபிளவுண்டரில் ஆண் அதிகமாகிவிடுகிறது. கடல் சூடேறிக்கொண்டே போகும் காலத்தில் பெண் மீன் குறைகிறது. எடுக்கலாம் என்று சட்டம் சொல்லும் 15 அங்குலத்தை எட்டுவதெல்லாம் அநேகமாகப் பெண்தான். ஆக நம் ஐஸ் பெட்டிக்குப் போவது முழுக்கப் பெண் மீன். இதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு அந்த ஆறு வாரம் பெரிய கஷ்டமாகத் தெரியவில்லை. டிசம்பர் 15 காலையில் வாருங்கள், நானும் அங்கேதான் இருப்பேன்.

படகுத்துறையில் ஒருவர் கையில் அட்டையோடு வந்து எத்தனை மணி நேரம் பிடித்தீர்கள், எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டார், மீனை அளந்தார். பயந்துபோய்ச் சரியாகப் பதில் சொல்லவில்லை. ஏதாவது பிரச்சினை வருமா?
பெயர் வேண்டாம், கிளியர் லேக்

ஒன்றும் வராது. அவர் போலீஸ் இல்லை. டெக்சஸ் பூங்கா, வனவிலங்குத் துறையின் கணக்கெடுப்பாளர். 1970களிலிருந்து இப்படிப் படகுத்துறை படகுத்துறையாக நின்று கேட்டுக் கேட்டுத்தான் எந்த விரிகுடாவில் எந்த மீன் ஏறுகிறது, எது இறங்குகிறது என்று தெரிந்துகொள்கிறார்கள். மீனே கிடைக்கவில்லை என்றால் அதையும் வெட்கப்படாமல் சொல்லுங்கள், அதுவும் அவர்களுக்குத் தகவல்தான். கேம் வார்டன் வேறு ஆள். அவருக்கு அதிகாரம் உண்டு, லைசன்ஸைக் காட்டச் சொன்னால் காட்ட வேண்டும், ஐஸ் பெட்டியைத் திறக்கச் சொன்னால் திறக்க வேண்டும்.

ரெட் ஸ்னாப்பர் பிடிக்கப் படகில் போகிறோம். ஒருவர் ஆளுக்கு நாலு என்கிறார், ஒருவர் இரண்டு என்கிறார்.
வாசகர், ஹூஸ்டன்

இரண்டும் சரி. கரையிலிருந்து ஒன்பது கடல் மைல் வரை டெக்சஸின் கடல். அங்கே வருடம் முழுக்க நாலு, குறைந்தது 15 அங்குலம். அதைத் தாண்டினால் மத்திய அரசின் கடல். அங்கே சீசன் திறந்திருக்கும்போது மட்டும் இரண்டு, 16 அங்குலம். மற்ற பல மாநிலங்களுக்கு மூன்று மைல்தான். டெக்சஸ் தனி நாடாக இருந்த காலத்து எல்லையைக் காட்டி வழக்காடி ஒன்பதை வாங்கிக்கொண்டது.

ஆழத்திலிருந்து வேகமாக இழுத்த ரெட் ஸ்னாப்பர், அதாவது நம் சங்கரா, வயிறு ஊதி, கண் பிதுங்கி மேலே வரும். அதை அப்படியே எறிந்தால் மிதந்து செத்துப்போகும். எடை கட்டி ஆழத்துக்கு இறக்கிவிடும் கொக்கி ஒன்று இருக்கிறது, படகுக்காரரிடம் இருக்கிறதா என்று ஏறும்போதே கேளுங்கள். இல்லை என்றால் நான் அந்தப் படகில் ஏறமாட்டேன்.

மீன் விதிகள் பற்றி மக்கள் கருத்துச் சொல்லலாம் என்று போன இதழில் எழுதியிருந்தீர்கள். நான் விசாவில் இருப்பவன், ஓட்டு இல்லை. நான் எழுதினால் யார் படிக்கப்போகிறார்கள்?
வாசகர், ஷுகர் க்ரீக்

படிப்பார்கள். கருத்துப் படிவத்தில் உங்கள் ஓட்டுரிமையை யாரும் கேட்பதில்லை. லைசன்ஸுக்குக் காசு கட்டுகிறீர்கள், அதே கடலில் நிற்கிறீர்கள், போதும்.

நடக்கிற விதம் இது. ஆளுநர் நியமிக்கும் ஒன்பது பேர் கொண்ட ஆணையம்தான் விதியை முடிவு செய்கிறது. குளிர்காலத்தில் பூங்கா, வனவிலங்குத் துறை தன் யோசனைகளை வெளியிடும், கடலோர ஊர்களில் கூட்டம் போடும், இணையத்தில் கருத்துக் கேட்கும். பிறகு ஆஸ்டினில் பொதுக் கூட்டம், அங்கே நேரில் போயும் பேசலாம். முடிவானது பெரும்பாலும் செப்டம்பர் 1 முதல் அமலுக்கு வரும், புது லைசன்ஸ் வருடமும் அன்றுதான் தொடங்குகிறது. மத்திய கடலுக்கு வளைகுடா மீன்வள மேலாண்மைக் குழு தனி. அங்கேயும் கருத்துக் கேட்பார்கள்.

2021 பிப்ரவரிக் குளிரில் மின்சாரம் போய் நாமெல்லாம் நடுங்கிக்கொண்டிருந்தபோது கடலில் 61 வகையில் சுமார் 38 லட்சம் மீன் செத்து மிதந்தது. டிரவுட்டுக்குப் பலத்த அடி. அதற்குப் பிறகு வருடக்கணக்கில் பேச்சு. கூட்டத்துக்குக் கூட்டம் தூண்டில்காரர்களே எழுந்து, ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து டிரவுட் வேண்டாம், குறையுங்கள் என்று கேட்டார்கள். சுற்றுலாப் பயணிகளைப் படகில் கூட்டிப்போகும் கைடுகள் சிலர் தொழில் போய்விடும் என்று எதிர்த்தார்கள். கடைசியில் 2024-இல் ஆளுக்கு மூன்று, 15-லிருந்து 20 அங்குலம் என்று ஆனது. தன் பங்கைத் தானே குறைக்கச் சொல்லி வரிசையில் நிற்கும் ஜனத்தை நான் வேறெங்கும் அதிகம் பார்த்ததில்லை.

ஆனால் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு, சொல்லாமல் விடமுடியாது. 1977-இல் ஹூஸ்டனில் சில தூண்டில்காரர்கள் ரெட்ஃபிஷ் அழிகிறது என்று சங்கம் சேர்ந்தார்கள். 1981-இல் ரெட்ஃபிஷ், டிரவுட் இரண்டையும் டெக்சஸ் கடலில் பிடித்து விற்கவே கூடாது என்று சட்டம் வந்தது. மீன் பிழைத்தது, உண்மை. வலை போட்டுப் பிழைத்த குடும்பங்கள் அந்த மீன்களை இழந்தன, அதுவும் உண்மை. நான் தூத்துக்குடிக்காரி. எங்கள் வீட்டில் மீன் பிடித்தது பொழுதுபோக்குக்கு அல்ல. கூட்டத்தில் யார் நிறையப் பேர் வந்து பேசுகிறார்களோ அவர்கள் பக்கம் விதி சாயும். அதனால்தான் எல்லா வகை ஆட்களும் பேச வேண்டும் என்கிறேன். இரவு ஷிப்ட் முடித்துக் கரையில் நின்று வீட்டுக்குக் குழம்பு மீன் பிடிப்பவரின் குரல் அங்கே மிகவும் குறைவு.

எழுதும்போது 'ஆதரிக்கிறேன்' என்று ஒரு வரியோடு நிறுத்தாதீர்கள். எந்த விரிகுடா, எந்த மாதம், கரையிலிருந்தா படகிலிருந்தா, எது முன்பு கிடைத்தது, இப்போது என்ன அளவில் கிடைக்கிறது என்று எழுதுங்கள். 'மேற்கு விரிகுடாவில் கரையில் நின்று பிடிக்கிறேன், 15 அங்குலத்தை எட்டாத டிரவுட்தான் அதிகம் வருகிறது' என்று எழுதினால் உயிரியலாளருக்கு அது உபயோகம். இலக்கணம் பார்க்கமாட்டார்கள்.

கெளிறு நிறைய மாட்டுகிறது. வறுவலுக்கு நன்றாக இருக்கிறது. சாப்பிடலாமா?
வாசகி, லீக் சிட்டி

கால்வெஸ்டன் விரிகுடாக் கெளிறு பற்றி மாநிலச் சுகாதாரத் துறையின் எச்சரிக்கை இருக்கிறது, டயாக்ஸின், பிசிபி என்ற நச்சு ரசாயனங்கள் கலந்திருப்பதால். பிள்ளை பெறும் வயதுப் பெண்களும் குழந்தைகளும் வேண்டவே வேண்டாம். மற்றவர்களுக்கும் எப்போதாவது ஒருமுறை என்ற கணக்குதான். ஹூஸ்டன் கப்பல் கால்வாய்ப் பக்கம் பிடித்த எதையும் நான் வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை. கெளிற்றின் முள் குத்தினால் கையைத் தாங்கும் அளவு சுடுதண்ணீரில் வையுங்கள்.

நண்டு பிடிக்கக் கூடு வாங்கியிருக்கிறோம். விதி என்ன? பிள்ளைகளோடு சேர்ந்து கடலுக்கு ஏதாவது வேலை செய்ய வழி உண்டா?
வாசகி, டெக்சஸ் சிட்டி

முதுகு ஓட்டின் இரண்டு பக்கத்து முள் நுனிக்கு நடுவே அளந்தால் ஐந்து அங்குலம் இருக்க வேண்டும். வயிற்றடியில் ஆரஞ்சு நிறத்தில் முட்டைப் பொதியோடு வரும் சினை நண்டை உடனே விட்டுவிட வேண்டும். நாம் ருசி பார்த்துப் பழகியவர்கள், கை போகும், கட்டுப்படுத்துங்கள். கூட்டின் வெள்ளை மிதவையில் நடுவே வேறு நிறப் பட்டை, பெயர், தேதியோடு சீட்டு. பத்து நாளுக்கு ஒருமுறை சீட்டை மாற்ற வேண்டும்.

இரண்டாவது கேள்விக்குப் பதிலும் இந்தக் கூட்டிலேயே இருக்கிறது. கயிறு அறுந்து கடலடியில் கிடக்கும் கூடு சும்மா இருப்பதில்லை. நண்டு உள்ளே போகும், வெளியே வர முடியாமல் சாகும், அதைத் தின்ன அடுத்தது வரும். அதனால் பிப்ரவரி மூன்றாம் வெள்ளிக்கிழமையிலிருந்து பத்து நாள் எல்லாக் கூடுகளையும் எடுத்துவிட வேண்டும் என்று விதி. அந்தப் பத்து நாளில் தண்ணீரில் கிடப்பதெல்லாம் கைவிடப்பட்டது என்று கணக்கு, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். 2002-இல் தொடங்கியதிலிருந்து தன்னார்வலர்களும் துறையும் சேர்ந்து 40,000-க்கும் மேல் அள்ளியிருக்கிறார்கள். படகு இல்லாதவர்களுக்கும் துறைமுகத்தில் வேலை உண்டு, வருகிற கூடுகளை எண்ணி, உயிரோடு இருப்பதை விட்டு, நசுக்கி லாரியில் ஏற்ற வேண்டும். பிள்ளைகளுக்குத் தடித்த கையுறையும் ரப்பர் பூட்ஸும் போட்டுக் கூட்டிப்போங்கள். சேறும் செத்த நண்டு வாடையும் காரை விட்டு லேசில் போகாது, பிக்கப் வண்டி வைத்திருக்கும் யாரையாவது இப்போதே சிநேகம் பிடித்து வையுங்கள்.